திரும்பிப் பாராத படிக்கட்டு

அரசாங்கம் எதையாவது இனாமாகக் கொடுக்க முன்வந்தால் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். கனடாவில் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் ரொறன்ரோவில் எங்கள் அலுவலகம் நடக்கிறது, என் வீட்டில் அடுப்பும் எரிகிறது.

மத்திய அரசுக்கு ஏரிக்கரை நெடுகப் பழைய அணைகள், இறங்குதுறைகள், நீரேற்றும் வீடுகள் என்று நிறையச் சொத்து உண்டு. அவற்றைப் பராமரிக்க அதற்கு மனமில்லை. ஆகவே பக்கத்துப் பட்டணங்களின் தலையில் ஒவ்வொன்றாகக் கட்டிவிடப் பார்க்கிறது. அதற்கு முதல் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, அங்கே என்ன மீன் முட்டையிடுகிறது, என்ன பறவை கூடு கட்டுகிறது, எந்த ஆமை எங்கே வெயில் காய்கிறது, கட்டடம் யார் காலத்தது, மண்ணுக்கடியில் பழைய சாமான் ஏதும் கிடக்கிறதா, அந்த இடம் போனால் யாருக்காவது மனம் நோகுமா என்றெல்லாம் விசாரிக்கச் சொல்லும். நாங்கள் விசாரித்து அறிக்கை எழுதிய பிறகுதான் சொத்து கைமாறும்.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அம்மா என்னோடு ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட்டில் இருக்கிறார். என் படிப்புக்கு ஏற்ற வேலை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“அப்ப ஆமையைக் கேட்டுத்தான் காணி உறுதி முடிப்பினமோ?”

“ஓம், ஆமையையும் கேப்பம்.”

“நாங்கள் வந்த புதுசிலை பார்க்டேலிலை இருந்த வீட்டை வித்தவங்கள், எங்களை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அதுக்குள்ளை இருந்த கரப்பான் பூச்சியளையும் கேக்கேல்லை.”

நான் எழுந்து கை கழுவப் போனேன்.

நகரத்துக்குக் கிழக்கே ஏரியோரம் இருக்கும் ஒரு சின்னப் பட்டணத்தின் கோப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அதற்குச் சில காலம் கழித்துத்தான். மத்திய அரசின் சொத்து அங்கே மூன்று விதமாக இருந்தது. அலையைத் தடுக்கக் கல் அடுக்கிய ஒரு நீண்ட கரை. ஒரு காலத்தில் மீன்குஞ்சு வளர்ப்பதற்காக ஏரித் தண்ணீர் இறைத்த செங்கல் வீடு. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கும் சீமெந்துப் படிகள். எல்லாவற்றையும் பட்டணம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. வரைபடத்தைத் திரையில் விரித்தவுடனே எனக்கு அந்தப் படிகளை அடையாளம் தெரிந்துவிட்டது. அதில் இறங்கித்தான் நான் அப்பாவைத் தண்ணீரில் விட்டேன்.

அப்பா செத்தபோது சாம்பலைக் கரைக்க இடம் தேடியது பெரிய கூத்து. யூனியன்வில்லில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தங்கள் பக்கத்துக் குளத்தைச் சிபாரிசு செய்தார். கொப்பர் குளத்துக்குள்ளை அடங்கிற ஆளில்லை என்று அம்மா மறுத்துவிட்டார். எங்கள் பேச்சில் கொப்பர் என்றால் உன் அப்பா. அம்மாவுக்கு ஒரு புண்ணிய தீர்த்தம் என்றால் கார் நிற்பாட்ட இடம் வேண்டும், கழிப்பறை வேண்டும், முழங்கால் நோக்காரர் பிடித்து இறங்கக் கைப்பிடி வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய ஒரே இடம் இந்தப் படிகள்தான் என்று செத்தவீட்டுக்கு வந்த ஒரு அன்ரி சொன்னார். அவர் தன் புருஷனை அங்கேதான் விட்டிருந்தார். அவருக்கு அதைச் சொன்னது இன்னொரு அன்ரி. ஸ்காபரோவில் நல்ல பல் வைத்தியரைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெண்பிள்ளை செய்யலாமோ என்று ஐயர் கொஞ்சம் இழுத்தார். அம்மா பார்த்த பார்வையில் இழுப்பதை நிறுத்தினார். முட்டி என்று நாங்கள் சொல்லும் சின்ன மண்பானையில் சாம்பலைப் போட்டு, பூப் போட்டு, வெள்ளைத் துணி கட்டி, என் தோளில் வைத்தார். கடைசிப் படியில் ஏரிக்கு முதுகு காட்டி நின்று, முட்டியைப் பின்னாலே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேலே ஏற வேண்டும். திரும்பிப் பார்த்தால் போகிற ஆத்மாவும் திரும்பிப் பார்க்குமாம், பிறகு வீட்டுக்கு வந்து நிற்குமாம். நான் சின்ன வயசில் இருந்தே சொன்னதற்கு எதிர்மாறாகச் செய்கிற பிள்ளை. அது தெரிந்த அம்மா படி முடியும் வரைக்கும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். களக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான் அப்பா.

காரில் ஏறியதும் அம்மா தனக்கும் அந்தப் படிதான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதைச் சொல்லாத இடமில்லை. கடையில் காசு கட்டும் வரிசையில் நிற்கும்போதும் சொல்வார், கலியாண வீட்டில் ஐஸ்கிரீம் தின்னும்போதும் சொல்வார். கோடை விடுமுறைக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைத்தவர் போல அவருக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

கோப்பைப் புரட்டிக்கொண்டு போனால், பட்டணத்தின் திட்டத்தில் அந்தப் படிகளுக்கு மேலே சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. சீமெந்து வெடித்துவிட்டது, அகற்றிவிட்டு அந்த மூலையில் மரத்தளம் போட்டு உணவகம் கட்டப்போகிறார்கள். பொதுமக்களுக்கான அறிவித்தல் ஏற்கனவே ஒட்டியிருந்தபடியால் வீட்டில் சொல்வதில் தப்பில்லை என்று நினைத்துச் சொன்னேன். அம்மா அன்று பின்னேரம் ஒரு அன்ரிக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. படுக்கப் போகும்போது கேட்டார்.

“அப்ப நான் எதாலை இறங்கிறது?”

சாவைப் பற்றி அம்மா பகிடியாகப் பேசித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குப் பகிடி இருக்கவில்லை. பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெளிச்சத்தை அணைத்தேன்.

அப்பாவை விட்ட இடம் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர், ஏரி எல்லாருக்கும் சொந்தம், நீ உன் வேலையைப் பார் என்றார். நானும் பார்த்தேன். ஆமை ஆராய்ச்சிக்காரர் வந்து அலைதடுப்புக் கல்லில் வெயில் காயும் ஆமைகளைப் படம் எடுத்தார். பறவைக்காரி வந்து செங்கல் வீட்டின் கூரைக்குள் தகைவிலான்கள் கூடு கட்டியிருப்பதாகச் சொன்னார். அந்தக் குருவிகளை யாரும் கலைக்க முடியாது, குஞ்சு பொரிக்கும் காலத்தில் சுத்தியல் கூட அடிக்க முடியாது. இதையெல்லாம் அம்மா ஒவ்வொரு நாளும் கவனமாக விசாரித்துக்கொண்டார். குருவிக்கு எவ்வளவு மரியாதை என்பதை அவர் மறக்கவில்லை, பின்னால் அது தெரிந்தது.

பிறகு தொல்லியல்காரர் வந்தார். உயரமான, மெல்லப் பேசுகிற மனிதர். ஏரியடியில் கிடக்கும் ஆணியைக் கூடக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குவார். அவருடைய சுழியோடிகள் அந்தப் படிகளுக்கு நேர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

கூட்ட அறையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதில் சிவப்பு மண்பானைத் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தார். மினுக்குப் பூசாதவை, சக்கரத்தில் வனைந்தவை, மெல்லிய கழுத்து. சேற்றுக்கடியில் குவியலாகக் கிடக்கின்றனவாம். இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் பிரதிநிதிகளிடம் முதலே காட்டியிருக்கிறார். அவர்கள் பார்த்துவிட்டு, இது எங்களுடையதில்லை என்று சிரித்தார்களாம். ஆகவே இந்தப் பக்கம் வெள்ளைக்காரர் குடியேறிய ஆரம்ப காலத்தில் இருந்த, இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு குயவனின் வேலையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஓடையின் மேற்பக்கம் எங்கேயோ அவனுடைய சூளை இருந்திருக்க வேண்டும். அவனுடைய கைக்கு ஓர் அடையாளமும் இருக்கிறது என்று ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். பானையின் வயிற்றில் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடுகள்.

திருநீற்றுக் குறி. தண்ணீரில் கரைந்துவிடக் கூடாதென்று வெக்ஸ்போர்ட்டில் ஒரு கடைக்காரர் வெள்ளைப் பெயின்ரால் முன்கூட்டியே போட்டு விற்கிற மூன்று கோடுகள். என் அப்பாவின் முட்டியிலும் அதே மூன்று கோடுதான்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அலைதடுப்பு இருப்பதால் அந்த மூலையில் தண்ணீர் அசைவதே இல்லை. விட்ட முட்டி விட்ட இடத்திலேயே விழுந்து உடைந்து கிடக்கும். கரையில் நின்று ஒரு தரம் பார்த்திருந்தால் எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக ஒருவர் பின் ஒருவராக வந்து, விட்டுவிட்டு, பக்தியோடு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாம்பலை ஏரியில் கரைக்க இங்கே தடையில்லை. பானையைப் போட்டுவிட்டுப் போனால் அதற்குப் பெயர் குப்பை.

அந்தக் குப்பையைத்தான் அவர் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஆறிப்போன கோப்பியைக் குடித்துக்கொண்டு, அந்தக் கோடுகள் நல்ல நேராக இருக்கின்றன என்று மட்டும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோறே இல்லாத கோப்பையில் மறைத்தது நானாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் வாயைப் பொத்தினார், பிறகு சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தார்.

“எட, கொப்பர் இப்ப சரித்திரமாப் போனார் என்ன? இருக்கேக்கை ஒரு வேலையும் உருப்படியாச் செய்யேல்லை அந்த மனிசன்.”

சிரித்து முடிந்ததும் அவருடைய மூளை வேலை செய்யத் தொடங்கியது. பழைய சாமான் என்றால் படியை உடைக்கமாட்டார்கள்தானே, ஆகவே நீ வாயை மூடிக்கொண்டிரு என்றார். நான் என் தொழிலின் நேர்மையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அம்மா தன் முழங்காலின் நிலைமையைப் பற்றி எடுத்துச் சொன்னார். இரண்டு பேரும் களைத்துப்போய்த் தேத்தண்ணி குடித்தோம்.

என்னை வாயை மூடச் சொன்னவர், நான் குளித்துவிட்டு வருவதற்குள் தொலைபேசியில் இருந்தார். அந்தக் கிழமை முடிய முதல் ஸ்காபரோ முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் பயம். குப்பை போட்டதற்குப் பிடிப்பார்களோ என்று கேட்டார்கள். ஆராய்ச்சிக்காரர் துண்டுகளைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறார் என்று அம்மா சொன்னதும் பயம் போய் மரியாதைப் போட்டி வந்தது. முதலில் எடுத்தது தன் புருஷனுடையதாகத்தான் இருக்கும், அவர் எதிலும் முந்திக்கொள்கிற ஆள் என்றார் ஒரு அன்ரி. இன்னொருவர் தன் மாமியார் சாகும்வரை ஒரு இடத்தை விட்டு அசையாதவர், ஆகவே அடியில் கிடக்கும் பெரிய துண்டு நிச்சயம் அவருடையது என்றார்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் தொல்லியல்காரரின் சிபாரிசு வந்தது. அந்த மூலை முழுவதையும் வேலி போட்டு அடைக்க வேண்டும். முழு அகழ்வு முடியும்வரை படியிலோ தண்ணீரிலோ யாரும் கால் வைக்கக் கூடாது. அகழ்வு எப்போது தொடங்கும் என்று அவருக்கே தெரியவில்லை. நிதி ஒதுக்க வேண்டும், சுழியோடிகள் வேண்டும், ஐஸ் உருக வேண்டும்.

வேலி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்தவர் எதையும் தாங்குவார்கள், அடுத்தவன் போடுகிற வேலியைத் தாங்கமாட்டார்கள். குப்பை என்று தெரிந்தால் படியை உடைப்பார்கள், பழசு என்று நம்பினால் வேலி அடைப்பார்கள். எப்படியும் அம்மாவுக்கு இறங்க வழியில்லை. இதில் பொய்யாவது மிஞ்சாமல் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அதோடு அந்த மனிதர் தன் குயவனைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அந்தக் குயவனுக்குப் பெண்சாதி பிள்ளைகளும் பிறந்துவிடும்.

சொல்வது எப்படி என்றுதான் தெரியவில்லை. கடைசியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று அவரை வெக்ஸ்போர்ட்டுக்கு அழைத்து வந்தேன். சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பலசரக்குக் கடைக்குள் ஒரு நிமிடம் வாருங்கள் என்றேன். அரிசி மூட்டைகளைத் தாண்டி, பிறஷர் குக்கர்களையும் புட்டுப் பானைகளையும் தாண்டி, கடைசித் தட்டுக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். வைக்கோல் ஒட்டிய முட்டிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூன்று வெள்ளைக் கோடு.

அவர் ஒன்றை எடுத்தார். கழுத்தைத் தடவினார். கவிழ்த்து அடியைப் பார்த்தார். கோடுகளின் மேல் பெருவிரலை வைத்து அப்படியே நின்றார். கடைக்கார அண்ணை இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, உவருக்குச் செத்தவீட்டுக்கோ, பொங்கலுக்கோ? பொங்கலுக்கு எண்டால் கோடு போடாதது அங்காலை இருக்கு.”

“ரெண்டுக்கும் இல்லை அண்ணை. உவர் பழைய சாமான் ஆராய்ச்சி செய்யிறவர்.”

அண்ணைக்கு முகம் மாறிவிட்டது. “பழசோ? போன கிழமைதானே கொண்டெய்னர் வந்தது.”

தன் கடையில் பழைய சாமான் இல்லை என்பதை அவர் நேரடியாகவே ஆராய்ச்சிக்காரருக்கு ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் சொல்ல அதிகம் மிச்சமில்லை.

பக்கத்துக் கடையில் வடையும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா, ஐயர், முட்டி, மூன்று கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குயவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். இருப்பான், இந்த நேரம் அடுத்த கொண்டெய்னருக்கு வனைந்துகொண்டிருப்பான் என்றேன். நல்ல கைகாரன், அதில் மட்டும் நான் பிழைவிடவில்லை என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த நேரத்தில்தான்.

இத்தனை பானை குவிந்தும் ஒருவரும் காணவில்லையா என்று அவர் கேட்டபோது, திரும்பிப் பார்க்கக் கூடாத வழக்கத்தைச் சொன்னேன். பிடித்துவைக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார். உடனே மன்னிப்பும் கேட்டார். என் அம்மா இதைவிட அதிகம் சிரித்தார் என்று சமாதானப்படுத்தினேன். வடையைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதுதான் முக்கியம். ஓர் இடத்தின் மதிப்பை எழுதும்போது செத்த காலத்தை மட்டும் பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை, இப்போது அந்த இடத்தை வைத்து வாழ்கிறவர்களையும் விசாரிக்க வேண்டும். படியை அகற்றுவதைப் பற்றி உங்கள் ஆட்களை யாராவது கேட்டார்களா?

கேட்கவில்லை. ஆமையைக் கேட்டோம், குருவியைக் கேட்டோம். அந்தக் கேள்விகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அறிக்கை எழுதும் வேலையில் இருந்து மரியாதையாக விலக்கி, பொதுமக்கள் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னார். ஆகவே பட்டணத்து மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது நான் மொழிபெயர்ப்பாளராக அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். நம் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, ஆனால் வந்தபோது அரை மண்டபம் நிரம்பியது. கையில் ரோல்ஸும் கேசரியும். அரசாங்க அதிகாரி, இந்தச் சமயத்தில் தான் எதையும் வாங்கக் கூடாது என்று பணிவாகச் சொன்னார். ஒரு அன்ரி, வாங்க வேண்டாம் தம்பி, சாப்பிடுங்கோ என்று தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். கூட்டம் முடியும்போது தட்டு வெறுமையாக இருந்தது. யார் சாப்பிட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

பட்டணத்து எஞ்சினியர் ஒரு இளம் பெண். படி வெடித்திருக்கிறது, ஆபத்து, திருத்துவதை விட அகற்றுவது சுலபம் என்று படம் போட்டுக் காட்டினார். அந்தப் படியை உண்மையில் எவ்வளவு பேர் பாவிக்கிறீர்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மா கதிரையைப் பிடித்து எழும்பினார்.

“வந்த ஆக்கள் எல்லாரும் அங்கைதான் பிள்ளை இருக்கினம், கீழை. என்ரை மனிசனும் அதாலைதான் இறங்கினவர். பானை போட்டது எங்கடை பிழை, இனிப் போடமாட்டம். உங்கடை ஆமைக்கு ஒரு கல்லு விட்டிருக்கிறியள், குருவிக்கு ஒரு கூரை விட்டிருக்கிறியள். எனக்கு அந்தப் படி காணும்.”

அந்தப் படி எனக்குப் போதும் என்ற கடைசி வசனம் வரைக்கும் நான் மொழிபெயர்த்தேன். எஞ்சினியர் அம்மாவைப் பார்த்தார், பிறகு தன் படத்தைப் பார்த்தார்.

கைமாற்றம் முடிந்தது. உணவகத்தின் மரத்தளம் செங்கல் வீட்டுக்கு மறுபக்கம் நகர்ந்தது. படிகளைப் புதிய சொந்தக்காரர் திருத்திப் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. அறிக்கையில் அதற்கான காரணங்களை ஒழுங்காக எழுதியிருந்தார்கள். முதலாவது, படியோரக் கற்களில் வெயில் காயும் ஆமைகள். இரண்டாவது, வேலைச் சத்தத்தால் கலையக்கூடிய தகைவிலான்கள். மூன்றாவது, ஒரு சமூகத்தின் இறுதிச் சடங்கு வழக்கம். ஆமைக்கும் குருவிக்கும் அடுத்ததாக அம்மா. மூன்றாம் இடமும் இடம்தானே என்றார் அவர்.

மீதிப் பிரச்சினை பானைத் துண்டுகள். பழமை மதிப்பு எதுவும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது, அரசுக்கும் வேண்டாம், பட்டணத்துக்கும் வேண்டாம். தொல்லியல்காரர் பஞ்சோடு சேர்த்துப் பெட்டிகளை என் காரில் ஏற்றிவிட்டார். வீட்டில் நீல வாளி, பச்சை வாளி, கறுப்பு வாளி என்று குப்பைக்கு மூன்று வாளி வைத்திருக்கிறோம். எந்த வாளியில் போடுவது என்று கேட்டேன். அம்மா என்னை முறைத்தார். பிறகு அன்ரிமாருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒவ்வொருவராக வந்து பெட்டியைக் கிளறி, இதுதான் என்ரை மனிசன்ரை, இதுதான் எங்கடை மாமின்ரை என்று ஒரு சந்தேகமும் இல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாத் துண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன. அம்மாவும் ஒன்றை எடுத்தார். அது இப்போது எங்கள் ஜன்னலோரத்துக் கறிவேப்பிலைச் சாடியின் அடியில் இருக்கிறது. அந்தக் கறிவேப்பிலை முன்னைவிட நன்றாகத் துளிர்க்கிறது என்பது அம்மாவின் கட்சி.

ஐஸ் உருகியதும் படியைப் பார்வையிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சீமெந்து, புதுக் கைப்பிடி. மேலே ஒரு பலகையில் பானைப் படம் கீறி அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கொப்பரைப் பலகையிலை ஏத்தி வெட்டியும் விட்டிருக்கிறாங்கள் என்று சொல்லிக்கொண்டு அம்மா ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படிக்கு முந்தியதில் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டார். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

“அப்ப என்னை என்னத்திலை கொண்டு வருவாய்?”

தண்ணீரில் கரைகிற மாதிரிக் கடதாசிப் பாத்திரம் விற்கிறார்கள் என்று சொன்னேன்.

“பேப்பரிலை சுத்தவோ? நான் என்ன மட்டன் ரோல்ஸோ?” உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி மெல்ல விட்டார். “கையாலை விடு, காணும். ஆனா ஐயர் சொல்லுறார் எண்டு முதுகைக் காட்டிக்கொண்டு போகாதை. கொப்பரை அப்பிடித்தானே விட்டனாங்கள். பாவம் அந்த மனிசன், இவ்வளவு காலமும் இந்தப் படிக்குக் கீழையே கிடந்திருக்கிறார், நாங்கள் பாக்கேல்லை. நீ நிண்டு பார். நான் போயிட்டனோ எண்டு பாத்திட்டுப் போ.”

அம்மா சொல்கிற எதற்கும் என்னிடம் ஒரு எதிர்ச்சொல் இருக்கும். அன்றைக்கு மட்டும் ஓம் அம்மா என்றேன்.

மேலே ஏறும்போது அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பாதிப் படியில் நின்றார். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று நானும் நின்றேன். அவர் என்னை மெல்ல ஏரிப் பக்கம் திருப்பினார்.